பாட்டரில் கடையின் திரை

வந்த ஆள் கம்பளி நூல் வாங்க வரவில்லை என்பது தெல்மாவுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது.

நூல் வாங்க வருகிறவர்கள் நூலைப் பார்ப்பார்கள். இவர் கடையைப் பார்த்தார். கூரை, தரைப் பலகை, ஜன்னல் விளிம்பு என்று கண் ஓடியது. கதவுக்கு மேலே அடித்த மணி ஓய்கிறவரை தலையைச் சாய்த்துக் கேட்டார். வெயிலில் வெந்து வெந்து சிவந்த முகம். ஏப்ரல் மாத இங்கிலாந்தில், அதுவும் ரஷ்வெல்லில், அப்படியொரு முகம் யாருக்கும் வாய்க்காது.

"இது முன்னாடி மிட்டாய்க் கடையா இருந்துச்சா?" என்றார். ஆஸ்திரேலியப் பேச்சு.

"தொப்பிக் கடை. சண்டைக்கு முன்னாடி."

"ஓ." முகம் தொங்கிப்போனது. "பரவாயில்ல. தொந்தரவு குடுத்துட்டேன்." கதவைத் திறந்தவர் பாதியில் நின்றார். "எதிர்ல மீன் கடை இருந்துச்சா? வெள்ளைப் பளிங்குப் பலகை. மேல தண்ணி ஓடிட்டே இருக்கும்."

"எல்லா ஊர்லயும்தான் இருந்துச்சு."

"தெரியும். அதுதானே என் தலைவலியே."

அவர் போயிருப்பார். தெல்மாவும் விட்டிருப்பாள். ஆனால் அன்று திங்கட்கிழமை, கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை. "எதைத் தேடறீங்க?" என்று கேட்டு வைத்தாள்.

"ஒரு ஊரை. பேர் தெரியாது."

பெயர் டெரிக் ஹோல்ட். ஹோல்ட் என்பது அங்கே யாரோ வைத்தது. டெரிக் மட்டும்தான் கூடவே கப்பலேறியது. உலக யுத்தச் சண்டை முடிந்ததும் ஒரு அநாதை விடுதியில் இருந்த பிள்ளைகளைக் கொத்தாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். உனக்கு யாரும் இல்லை என்று சொன்னார்கள். அப்போது ஏழு வயது. ஊர் பெயர் மறந்துபோய்விட்டது. கடைகள் மட்டும் மறக்கவில்லை. மீன் கடை. வாசலில் தகரத் தொட்டிகள் தொங்கும் இரும்புச் சாமான் கடை. தலைக்கு மேலே கம்பியில் கல்லாவுக்குக் காசுக் குடுவை பறக்கும் ஜவுளிக் கடை. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கெட்டரிங், ஹின்க்லி, நனீட்டன் என்று மாதக்கணக்கில் அலைகிறார்.

"எங்க போனாலும் 'ஆமா, இங்க இருந்துச்சு'ங்கறாங்க. எல்லா ஊரும் என் ஊராத்தான் இருக்கு," என்று சிரிக்கப் பார்த்தார். "கோட்டை, கடல்னு ஏதாவது இருக்கற ஊர்ல பொறந்திருக்கலாம். டெல் கூட இருந்திருந்தாலாவது சொல்லியிருப்பா."

"யாரு டெல்?"

"அக்கா. அப்படித்தான் கூப்பிடுவேன். முழுப் பேர் தெரியாது."

தெல்மா கையிலிருந்த நூல்கண்டு உருண்டு தரையில் ஓடியது. அதை எடுக்கக் குனிந்தவள் நிமிர நேரம் பிடித்தது.

அப்பா பர்மாவிலிருந்து திரும்பவில்லை. சண்டை முடிந்த குளிர்காலத்தில் அம்மா நெஞ்சுச் சளியில் போனாள். பதின்மூன்று வயதுப் பெண் வேலைக்கு ஆவாள் என்று சித்தி தெல்மாவை எடுத்துக்கொண்டாள். ஆறு வயதுப் பையன் எதற்கு ஆவான்? அவனை விடுதிக்கு அனுப்பினார்கள். நல்ல குடும்பம் ஒன்று எடுத்துக்கொண்டது, தேடாதே என்றாள் சித்தி. தெல்மா தேடினாள். விடுதியே மூடிப்போயிருந்தது.

"கொஞ்சம் வாசலுக்கு வாங்க," என்றாள்.

இரண்டு நூல்கண்டு ஒரே சாயம்தானா என்று கடை விளக்கில் பார்த்தால் ஏமாந்துபோவோம். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முப்பது வருஷப் பழக்கம். வாசலில் நிறுத்தி அந்த முகத்தைப் பார்த்தாள். தம்பியா? அவன் பெயரும் டெரிக்தான், ஆனால் அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு டெரிக், இரண்டு டெல். அம்மாவின் மூக்கு என்று நினைத்தால் அம்மாவின் மூக்கு. இல்லை என்று நினைத்தால் எவருடையதோ.

"என் பேர் தெல்மா," என்றாள். "எனக்கு ஒரு தம்பி இருந்தான். நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வாங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

*

"ஏமாத்துக்காரன்டீ," என்றாள் மேவிஸ்.

மேவிஸ் பக்கத்துப் பத்திரிகைக் கடைக்காரி. தெல்மாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அவளுக்காக ஒரே சாயத்து நீலக் கம்பளியை முழு ஸ்வெட்டருக்கும் எடுத்து அலமாரியில் தனி அறையில் பெயர் ஒட்டி வைத்திருந்தாள் தெல்மா. வாரம் ஒரு கண்டு வாங்கிப் போவாள்; கூடவே ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போவாள்.

"என்கிட்ட ஏமாத்தி எடுத்துட்டுப் போக என்னடீ இருக்கு? கடையே வாடகை."

"அப்ப கிறுக்கன். எதுக்கும் நானும் வர்றேன். உனக்குக் கேள்வி கேக்கத் தெரியாது. நீயே பதிலை எடுத்துக் குடுப்ப."

செவ்வாய் சாயங்காலம் மேஜையில் ஹாம், ரொட்டி வெண்ணெய், டப்பா பீச் பழம். தெல்மா உட்காரவே இல்லை. கெட்டிலை வைத்தாள், இறக்கினாள், இருந்த பாலையே மறுபடி கொண்டுவந்தாள். டெரிக் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துச் சாப்பிட்டார், விடுதிப் பிள்ளை மாதிரி.

மேவிஸ் வக்கீல் மாதிரி ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷத்தில் வக்கீல் காணாமல் போய்விட்டாள்.

"மிட்டாய்க் கடை," என்றார் டெரிக். "டாஃபியைச் சுத்தியலால உடைப்பாங்க. தெறிச்சுக் கீழ விழற துண்டு நம்மளுது."

"எங்க நம்மளுது? மிஸ் பெல் அதுக்குன்னே தரையைக் கூட்டிச் சுத்தமா வெச்சிருப்பா, தானே பொறுக்கித் தின்ன," என்றாள் மேவிஸ்.

"எனக்கு ஒரு தடவை குடுத்தா," என்றாள் தெல்மா.

"உனக்கு மட்டும் குடுத்தாளா? முப்பத்தேழு வருஷமா இதை என்கிட்ட சொல்லல பாரு."

இரும்புக் கடையின் மண்ணெண்ணெய் வாசனை பேச்சில் வந்தது. மழை பெய்தால் அதன் வாசல் தொட்டிகள் ஆளுக்கொரு சுரத்தில் பேசுவது வந்தது. மீன் கடையின் கொழுத்த பூனை வந்தது; அதற்குப் பெயர் என்ன என்பதில் மேவிஸுக்கும் தெல்மாவுக்கும் சண்டையே வந்துவிட்டது. டெரிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், கண்காட்சியில் நிற்கும் பையன் போல. தெல்மா அப்போதுதான் முதல்முறையாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சது மளிகைக் கடைதான்," என்றார் அவர். "உள்ள யாருமே இருக்க மாட்டாங்க. கவுண்டர் மேல தூக்கி உக்கார வெப்பாங்க. கண்ணாடி மூடி போட்ட டப்பால உடைஞ்ச பிஸ்கட், இஷ்டத்துக்கு. பித்தளைப் படிக்கல் எல்லாத்தையும் அடுக்கி விளையாடுவேன்."

"பாட்டரில் கடை," என்றாள் தெல்மா, மூச்சு விடாமல்.

"அம்மா சொல்லுவா: 'இன்னிக்குப் புதன். ஷூவைப் போடு.' மத்தியானம் சாப்பிட்டதும் கிளம்பிடுவோம்."

மேவிஸ் கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"என்ன கிழமை?"

"புதன்."

"மத்தியானம்?"

"ஆமா. ஏன்?"

"ரஷ்வெல்ல புதன் அரை நாள். ஒரு மணிக்கு எல்லாக் கடையும் மூடிடும். என் பாட்டன் காலத்துலேர்ந்து அப்படித்தான். அந்த மீன் கடைப் பூனைகூடப் புதன் மத்தியானம் அந்தப் பக்கம் போகாது." அவள் குரலில் சந்தோஷம் இல்லை. "பாட்டரில் எமகாதகன். ஒரு மணி அடிக்கறப்ப உள்ள இருக்கறவங்களையும் வெளிய தள்ளித் திரையை இழுத்துடுவான்."

"திரை போட்டுத்தான் இருக்கும்," என்றார் டெரிக் மெதுவாக. "உள்ள பூரா பச்சை வெளிச்சம். தண்ணிக்கு அடியில இருக்கற மாதிரி."

மேவிஸ் தெல்மாவைப் பார்த்தாள். தெல்மா மேஜைத் துணியைப் பார்த்தாள். பாட்டரில் கடைத் திரையை ஊரே அறியும். காப்பி நிறம். தங்க எழுத்து. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எத்தனை புதன்கிழமை ஜன்னல் கண்ணாடி மேலாக அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே நடந்திருக்கிறாள்.

"காப்பி கலர்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "பச்சை இல்ல."

நாலு வருஷம் சண்டைக் கைதியாக இருந்துவிட்டு வந்தவன் முகம் போல ஆகிவிட்டது அவர் முகம். கை துடைக்கும் துண்டை மடித்தார். ஓரம் ஓரமாகச் சேர்த்து மறுபடி மடித்தார்.

"அப்ப இது வேற ஊரு," என்றார். "பரவாயில்ல. லூட்டர்வொர்த் இன்னும் பாக்கல. நாளைக்கு மத்தியானம் பஸ் இருக்கு."

வாசல்வரை போய்த் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் பேசினது நல்லா இருந்துச்சு," என்றார்.

*

புதன் காலை தெல்மா கடையில் செய்தது எல்லாம் தப்பு. சாம்பல் கேட்டவளுக்குப் பழுப்பு கொடுத்தாள். மேவிஸுக்கு எடுத்து வைத்திருந்த நீலத்தில் ஒரு கண்டை வேறொருத்தியிடம் விற்றாள். மேவிஸின் ஸ்வெட்டருக்கு இனி ஒரு கை குறையும்.

ஏமாற்ற வருகிறவன் நூலகத்துக்குப் போயிருப்பான். எந்த ஊரில் எந்தக் கிழமை அரை நாள் என்பது அங்கே சுவரிலேயே எழுதியிருக்கும். இந்த ஆள் படித்துக்கொண்டு வரவில்லை. தப்பாகச் சொன்னார், தப்பு என்றதும் சண்டை போடாமல் எழுந்தார். ஏமாற்றுக்காரன் இப்படியா எழுந்து போவான்? ஆனால் பச்சை? பச்சைக்கு என்ன செய்வது?

மாதா கோவில் மணி ஒன்று அடித்தது. கை தானாகப் போய் அவள் கடைத் திரையை இழுத்தது.

இழுத்த கை அப்படியே நின்றது.

தெருவிலிருந்து பார்த்தால் அவள் திரை கருநீலம். பெயர்கூட அதில்தான் எழுதியிருக்கிறது. உள்ளே மங்கலான மஞ்சள். முப்பது வருஷமாக இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வாடிக்கைக்காரர் எவருக்கும் மஞ்சள் தெரியாது. திறந்திருக்கும்போது திரை மேலே சுருண்டு கிடக்கும். மூடினால் வாடிக்கைக்காரர் வெளியே இருப்பார்.

பாட்டரில் கடைத் திரையை அவள் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள்?

கோட்டைக்கூடச் சரியாகப் போடவில்லை. பஸ் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கோவிலுக்குப் பின்னால் வயதானவர்களுக்கென்று கட்டிய சின்ன வீடுகளின் வரிசையை நோக்கி, ஊரே அரை நாள் தூக்கத்துக்குத் தயாராகும் தெருவில், ஐம்பது வயதுப் பெண்மணி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பாட்டரில் தோட்டத்தில் இருந்தார். கையில் மண். மனைவி போய்ப் பல வருஷம் ஆயிற்று. பேச்சுத்துணை வெங்காயத்தாள் பாத்திதான்.

"வா கண்ணு. டீ போடட்டா?"

"வேண்டாம் மிஸ்டர் பாட்டரில். உங்க கடைத் திரை என்ன கலர்?"

"காப்பி. உனக்குத் தெரியாதா?"

"உள்பக்கம்?"

கிழவர் கையிலிருந்த மண்கரண்டியை மண்ணில் குத்தி நிறுத்தினார்.

"பச்சையா?" என்றாள் தெல்மா.

"யார் கண்ணு சொன்னது?"

"புதன் மத்தியானம் உள்ள உக்காந்து பிஸ்கட் தின்னவன் சொன்னான்."

பாட்டரில் செங்கல் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தனித்தனியாகச் சத்தம் போட்டன.

"படிக்கல்லை அடுக்குவான்," என்றார். "பெருசு அடியில, சின்னது மேல. விழுந்தா அழ மாட்டான். திரும்ப அடுக்குவான்." சாய்ந்திருந்த ஒரு வெங்காயத்தாளை நிமிர்த்தி வைத்தார். "என் வீட்டுக்காரி புதன்னா அவ அம்மா வீட்டுக்குப் போயிடுவா. உங்க அம்மாவும் நானும் மாடியில இருப்போம். பேசிட்டிருப்போம் கண்ணு. நிறையப் பேச்சுதான்."

தெல்மாவுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு. வாரத்தில் அன்று மட்டும் தட்டில் பேக்கன் கறி இருக்கும். ரேஷனில் வராத தடிமன். அவள் தின்றாள். கலப்பில்லாத சந்தோஷமாக இத்தனை வருஷம் நினைவில் வைத்திருந்தாள். அந்த வாரங்களில் அப்பா எந்தக் காட்டில் எதைத் தின்றாரோ.

"எங்க அப்பா பர்மாவுல இருந்தார்," என்றாள்.

"தெரியும். தினமும் தெரியும்."

"அம்மா செத்தப்புறம் அவனைக் கூட்டிட்டுப் போனாங்களே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கடையில. கார் என் கடை ஜன்னலுக்கு வெளியத்தான் போச்சு. பின் சீட்ல இருந்தான், என்னைப் பாத்தான்." கிழவர் மண் கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "க்யூ நின்னுது. நான் பேக்கன் சீவிட்டு இருந்தேன். சீவறதை நிறுத்தல."

கத்த வேண்டும்போல் இருந்தது. வெங்காயத்தாளை வேரோடு பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. அதற்கெல்லாம் நேரம் இல்லை. தூரத்தில் பஸ் ஒன்று கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"என்னை நல்லபடியா நெனைக்கறானா?" என்று பின்னாலிருந்து கேட்டார் பாட்டரில்.

"உங்களை நெனைக்கவே இல்ல. பிஸ்கட்டைத்தான் நெனைக்கறான்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

*

பஸ் நிறுத்தத்தில் வரிசை ஏறி முடிந்துவிட்டது. கடைசி ஆளாக, ஒரு கால் படியில், சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தார் அவர்.

"டெரி," என்றாள் தெல்மா. மூச்சு வாங்கியது. "இறங்கு."

அவர் திரும்பினார். டெரிக் என்றுதான் சொல்லியிருந்தார். டெரி என்று இந்த ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏறறாரா, இறங்கறாராம்மா?" என்றார் டிரைவர். "முடிவு பண்ணிச் சொல்லுங்க. லூட்டர்வொர்த் எங்கயும் ஓடிப் போகாது, ஆனா என் டீ ஆறிடும்."

"இறங்கறான்," என்றாள் தெல்மா.

அவன் இறங்கினான். பஸ் போயிற்று. இரண்டு பேரும் காலித் தெருவில் நின்றார்கள். ஒரு பக்கம் பூட்டிய செருப்புக் கடை, ஒரு பக்கம் பூட்டிய மருந்துக் கடை.

"எங்க போறோம்?"

"கடைக்கு."

"இன்னிக்குப் புதன். கடை இருக்காதே."

"அதனாலதான்."

முன்பு பாட்டரில் கடை இருந்த இடத்தில் இப்போது தரைவிரிப்பு விற்கிறார்கள். அதைத் தாண்டும்போது தெல்மா திரும்பவே இல்லை. தன் கடையைத் திறந்து, அவனை உள்ளே விட்டு, தாழ்ப்பாள் போட்டாள். திரை இறங்கியே இருந்தது. மஞ்சள் வெளிச்சம் நூல் அறைகளின் மேல் விழுந்து கிடந்தது. அவன் நடுக்கடையில் நின்று சுற்றிப் பார்த்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, கையை ஊன்றி எம்பிக் கவுண்டர் மேல் உட்கார்ந்தான். நாற்பத்து மூன்று வயது ஆளின் கால் தரையைத் தொட்டது. அதைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டான்.

தெல்மா கெட்டிலைப் போட்டாள். பிஸ்கட் டப்பாவை அவன் பக்கத்தில் வைத்தாள். உட்காரத்தான் வரவில்லை. அலமாரியில் நேராக இருந்த கண்டுகளை மறுபடி நேராக்கினாள். அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். பதில்தான் கையில் இல்லை.

"டெல்," என்றான். "கடை மூடியிருந்தா நாங்க எப்படி உள்ள இருந்தோம்?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு இந்த உலகத்தில் சொந்தமாக இருந்தது ஒரு மீன் கடை, ஒரு தொட்டிக் கடை, ஒரு பச்சை வெளிச்சம். முதல் இரண்டும் எல்லோருக்கும் சொந்தம்.

"அம்மா அங்க வேலை செஞ்சா," என்றாள். "அரை நாள்ல பாட்டரில் வீட்டு மாடியைச் சுத்தம் பண்ணுவா. நீ சின்னப் பையன், கூட்டிட்டுப் போவா. நான் பள்ளிக்கூடத்துல இருப்பேன்."

அவன் யோசித்தான். ரொம்ப நேரம் யோசிப்பது போல் அவளுக்குத் தோன்றியது. கெட்டில் முனக ஆரம்பித்தது.

"அதான்," என்றான் கடைசியில். "மேலேர்ந்து பாட்டு கேக்கும். தொடைச்சுக்கிட்டே பாடுவா போல."

"ஆமா," என்றாள் தெல்மா. "பாடுவா."

அம்மா பாடி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அடுப்படியிலும் இல்லை, கோவிலிலும் இல்லை. அம்மாவுக்குப் பாட வரும் என்பதே தெரியாது.

"என்ன பாட்டு?" என்று கேட்டாள்.

"வார்த்தை ஞாபகம் இல்ல. இப்படிப் போகும்." அவன் கண்ணை மூடிக்கொண்டு, தப்பும் தவறுமாக, மூக்கால் முணுமுணுத்தான்.

தெல்மா வாடிக்கைக்காரர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

கதவை யாரோ தட்டினார்கள். கடிதம் போடும் வாய் திறந்து, அதன் வழியாக இரண்டு கண் தெரிந்தது.

"ஏய் தெல்மா, உள்ளதானே இருக்க? என் நீல நூலை எவளுக்குடீ வித்த? உள்ள யாரு பாடறது?"

அவன் நிறுத்திவிட்டான். தெல்மா அவனுக்குக் கையைக் காட்டினாள், நிறுத்தாதே என்று.

"இன்னிக்குப் புதன், மேவிஸ்," என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "கடை மூடியாச்சு."